ஈயம் பூசினாற்போல

லூனன்பர்க், நோவா ஸ்கோஷியா. பிப்ரவரி.
சிவப்பு வீட்டுக்கும் மஞ்சள் வீட்டுக்கும் அடுத்த
பச்சை வீடு. வாசலில் குனிந்து
பூட்ஸைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்
ஹெட்டி கார்க்கம்:
“பூனைதான்.”

நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து
அதன்மேல் ஏழு துண்டுகளாக ஒரு தட்டு.
வெள்ளீயப் பூச்சு, கையால் தீட்டிய நீலம்,
ஆயிரத்து எழுநூற்று நாற்பது வாக்கில்,
பிரிஸ்டலாக இருக்கலாம், லண்டனாகவும் இருக்கலாம்
என்கிறது பழைய மதிப்பீட்டுக் கடிதம்.
ஆயிரத்து எண்ணூறு டாலர் என்பதில் மட்டும்
அதற்குச் சந்தேகமே இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு
துண்டுகளைக் கூட்டிப் பார்க்கிறேன்.
ஒரு வேலி. ஒரு பாறை. பாறைமேல் பறவை.
பறவைக்கு மூன்று கால்.
இரண்டாவது கோணலாக விழுந்ததும்
பக்கத்திலேயே இன்னொன்று இழுத்திருக்கிறான்,
அழிக்க வழியில்லாமல்.
சுடாத பூச்சு காய்ந்த மாவு மாதிரி,
தூரிகை தொட்டதும் குடித்துவிடும்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் போல
அப்படியே சூளைக்குள் போயிருக்கிறது மூன்றாம் கால்.

முகமெல்லாம் அத்தனை வெள்ளை.
உடைந்த ஓரத்தில் பார்த்தால்
அரை மில்லிமீட்டருக்கு உள்ளே
பூந்தொட்டி மண்.

ஓரங்கள் எல்லாம் பிஸ்கட் நிறம், புதிது,
விரலில் பொடி ஒட்டுகிறது.
ஒன்று மட்டும் தேயிலைக் கறை.
புரட்டினால் அதன் குறுக்கே
நான்கு பித்தளைத் தையல்.
யாரோ எப்போதோ உடைத்து
யாரோ காசு கொடுத்துத் தைத்திருக்கிறார்கள்.
அப்போது எந்தப் பூனையோ.

“எங்கே உங்கள் பூனை?”
“வெளியே போயிருக்கிறான்.”
வெளியே மைனஸ் பதினான்கு.
படிக்கட்டுப் பனியில் என் பூட்ஸ் தடம் மட்டும்.
பத்து நிமிடம் சோஃபாவில் உட்கார்ந்து எழுந்த
என் கறுப்புக் கம்பளிக் கோட்டில்
ஒரு முடி இல்லை.
“பூனைதான்” என்கிறார் மறுபடி.
அவர் பிடித்த பூனைக்கும் மூன்று கால்.

தட்டு நின்ற அலமாரி கிழக்கே.
மேற்குச் சுவரில், ஓர் ஆணின் காது உயரத்தில்,
காகிதம் பிறைபோலக் கிழிந்து
உள்ளே சுண்ணாம்பு தெரிகிறது.
நடையில் கோட் மாட்டும் கொக்கி நான்கு.
ஒன்றின் கீழ் மட்டும் கோட் அளவுக்கு
வெளிறாத சுவர்.

நானும் ஒருமுறை எறிந்திருக்கிறேன்,
மிசிசாகாவில், ஐக்கியா கிண்ணம்.
உடையவில்லை.
குனிந்து எடுத்து, கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.
இன்றுவரை அதில்தான் தயிர்.

“ஒட்ட முடியுமா?” என்று கேட்டார் வாசலில்.
“ஏற்கனவே ஒருமுறை ஒட்டியதுதானே” என்றேன்.
அதற்கு அவர் சிரித்தாரா
குளிரில் உதடு இழுத்ததா, தெரியவில்லை.

தற்செயல் என்றால் பணம் உண்டு.
வேண்டுமென்று என்றால் இல்லை.
நடுவில் ஒரு கட்டம் வைக்கவில்லை
படிவம் அச்சிட்டவர்கள்.
அந்த வீட்டில் பூனையே கிடையாது.
இருந்த ஒன்றும் காரில், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
மதில் மேல்.

கடைசியில் எழுதினேன்:
காரணம், உயரத்திலிருந்து விழுந்தது.
வேகம் பற்றிக் குறிப்பில்லை.
முன்பே உடைந்து தைத்த பொருள் ஆதலால்
மதிப்பில் நாற்பது சதவீதம் கழிக்கவும்.
பூசின மாதிரியும் இருக்கிறது,
பூசாத மாதிரியும் இருக்கிறது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
அதுவும் குடித்துவிட்டது.

கியரை மாற்றக் கையை நீட்டினால்
கோப்பை வைக்கும் குழியில், சில்லறைக்கு நடுவே,
நகத்தளவு வெள்ளைச் சில்லு.
நீலம் ஒரு பொட்டும் இல்லை.
ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு.

சுவரிலிருந்து இதை
எப்போது பிடுங்கினேன்?